படத்தின் கீழே ஒரு சொல்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில், நாங்கள் நைனா என்று அழைத்த எங்கள் அப்பாவின் படத்தின் கீழே "காலமானார்" என்னும் ஒரு சொல்லை மட்டும் அச்சிட்டிருக்கிறோம். அதைக் கண்டு பெரியவர்கள் சிலர் மனம் வருந்தக்கூடும். "சிவலோக பதவி அடைந்தார்" என்று போட வேண்டும் என்பது அம்மாவின் அண்ணனான பெரிய மாமாவின் விருப்பம். "இயற்கை எய்தினார்" என்பதே நைனாவின் கொள்கைக்கு ஏற்றது என்றார்கள் அவருடன் வேலை செய்த தோழர்கள். இரு தரப்பாரும் அன்பினால்தான் கேட்டார்கள். அச்சுக்குக் கொடுக்கும் நாள் நெருங்கியும் அந்த ஒரு சொல் முடிவாகவில்லை. கடைசியில் நான்தான் முடிவு செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். இன்று மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. இந்த உரிமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தேன் என்று உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்வதும் நைனாவின் வாழ்க்கையைச் சொல்வதும் ஒன்றுதான்.

நைனா பிறந்தது எண்ணூரில். அவருடைய தகப்பனார் உப்பளத்தில் கூலி. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, மீசை முளைக்குமுன் பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தில் கரி அள்ளும் வேலைக்கு வந்தார். பிறகு பாய்லருக்குக் கரி போடும் ஃபயர்மேன் ஆனார். பகலெல்லாம் நெருப்பின் முன் நின்றுவிட்டு, மாலையில் எங்கே பொதுக்கூட்டம் என்றாலும் போய்விடுவார். அங்கே கேட்டவற்றைச் சும்மா ஏற்றுக்கொள்ளவும் மாட்டார். வீடு வந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருப்பார். அப்படி யோசித்து யோசித்து, கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்தவர்.

அம்மா அப்படியில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போவார்கள். நைனாவும் கூடப் போய், வாசலில் காத்திருந்து, அழைத்து வருவார். அம்மா திருநீறு பூச வந்தால் தலையைப் பின்னுக்கு இழுக்கமாட்டார். "உனக்குப் பூசணும்னு தோணுது, பூசு" என்பார். வேலைக்குப் போன சற்று நேரத்தில் கரித்தூள் அதை மூடிவிடும்.

என்னைப் பள்ளியில் சேர்த்தபோது உறவில் பலர் தடுத்தார்கள். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குபா படிப்பு?" என்று பெரிய மாமா வீட்டுக்கே வந்து கேட்டார். "பாய்லருக்கு ஆம்பளக் கரி, பொம்பளக் கரின்னு இருக்குதா மச்சான்? போட்டா எரியுது" என்றார் நைனா. மாமாவே சிரித்துவிட்டார். என் படிப்பு அந்தச் சிரிப்பில் தொடங்கியது.

நைனாவின் வாழ்க்கையைச் சொல்லும்போது ஞானமுத்து மாமாவை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அவர் எங்களுக்கு இரத்த உறவு அல்லர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, ராயபுரத்தில் எங்கள் சந்து முனையில் கயிற்றுக் கடை வைத்திருப்பவர். படகுக்கு வேண்டிய கயிறு, தார், ஆணி எல்லாம் அங்கே கிடைக்கும். வேதத்தை நெஞ்சோடு வைத்திருக்கும் கிறிஸ்தவர். ஜப்பான் சண்டைக் காலத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, சந்தில் எங்கள் வீடும் அவர் கடையும் மட்டும் திறந்திருந்தனவாம்.

"இன்னா மாமு, நீ ஓடல?" என்று நைனா கேட்டிருக்கிறார்.

"கர்த்தர் இருக்காரு, காப்பாத்துவாரு. நீரு ஏன்வே ஓடல?"

"ஜப்பான்காரன் அம்மாந் தூரத்துலேர்ந்து என் கரிமூட்டையத் தேடிகினு வருவானா? அவனுக்கு வேற வேலயில்ல?"

"கூறுகெட்ட மனுசா! குண்டு போடுதவன் முதல்ல கரண்டு வார இடத்துலதானவே போடுவான்!"

இருவரும் ஆளில்லாத தெருவில் நின்று சிரித்தார்களாம். அவர்கள் நட்பு அப்படித் தொடங்கியது.

ஆனால் அந்த நட்பு ஒரு முறை முறியவும் பார்த்தது. ஒரு நாள் மழையில் இடி இடித்துக்கொண்டிருந்தது. கடையில் ஆட்கள் பலர் ஒதுங்கியிருந்தார்கள். நைனா மாமாவைப் பார்த்து, "உங்க சாமிதான் காப்பாத்துதே, அப்புறம் உங்க கோயில் கோபுரத்து மேல எதுக்கு மாமு இடிதாங்கி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வார்த்தை தடித்தது. அவர் "நாஸ்திகப் பயலே" என்றார். இவர் "போடா பேமானி" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

பல நாட்கள் கழித்து மாமாவே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இடிதாங்கியப் பத்தி யோசிச்சேன். எனக்கு ஒரு பதில் இருக்கு. சொல்லணும். ஆனா நீரு 'டா' போட்டது கர்த்தரப் பத்திப் பேசும்போது. அது எனக்கு வலிக்கிவே" என்றார்.

நைனா எழுந்து நின்றார். "நான் பேசினது தப்பு மாமு. இனிமே அந்தப் பேச்ச எடுத்தா, நீ எனக்கு ஐயா, நான் உனக்கு ஐயா. ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிட்டேன். இப்ப கேளுங்க ஐயா. இடிதாங்கி வைக்கிறதுக்குப் புத்தி கொடுத்தது யாரு?"

"நல்ல கேள்விங்க ஐயா. அப்ப இடிய அனுப்புறது யாரு?"

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மற்ற நேரமெல்லாம் "மாமு" என்றும் "வே" என்றும் பேசிக்கொள்வார்கள். ஞாயிறு மாலை கோயிலிலிருந்து திரும்பி மாமா கடைப் பலகையில் அமர்வார். நைனா சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு எதிரே அமர்வார். யார் முதலில் "ஐயா" என்கிறாரோ அவர் வாதத்தைத் தொடங்கிவிட்டார் என்று பொருள். துறைமுகத்துக் கூலியாட்கள் கூடிவிடுவார்கள். "இன்னா நைனா, கோர்ட்டு ஆரம்பிச்சிட்சா?" என்று கிண்டல் செய்துகொண்டே அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் அம்மா, "ஐயா போட்டுட்டாங்கடி. இனிமே சோறு ஆறிப்போவும்" என்பார்கள்.

கண்ணால் காணாததை எப்படி நம்புவது என்று நைனா கேட்பார். கரண்டைக் கண்ணால் கண்டீர்களா என்று மாமா கேட்பார். கம்பியைத் தொட்டால் தெரியும் என்பார் நைனா. மனதைத் தொட்டாலும் தெரியும் என்பார் மாமா. "என் கம்பி எல்லாரையும் அடிக்கும் ஐயா. உங்க மனசு உங்கள மட்டுந்தானே அடிக்குது?" என்று ஒரு நாள் நைனா கேட்டார். "அடுத்த வாரம் சொல்லுதேன் ஐயா" என்றார் மாமா. பதில் தெரியாதபோது இருவரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவரையொருவர் தோற்கடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இருந்ததே இல்லை.

அந்தப் பழக்கத்துக்கு வந்த பெரிய சோதனை என் தம்பியின் மரணம். நடை பழகி, பேச்சு வரத் தொடங்கிய வயது. தொண்டை அடைப்பான் வந்து மூச்சு முட்டியது. அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். மாமா எங்கள் வீட்டுத் தரையில் மண்டியிட்டு ஜெபித்தார். நைனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், ஊசி போட்டார்கள். தம்பி பிழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. இருவரும் பலகையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். யாரும் "ஐயா" என்று தொடங்கமாட்டார்கள். அப்படி ஒரு நாள், கயிறு வாங்க வந்த ஒருவர் மாமாவைப் பார்த்து, "இன்னாபா, ஜெபம் ஜெபம்னு சொல்லிகினு இருந்தியே, ஃபயர்மேன் புள்ளய உங்க சாமி காப்பாத்தலியே?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நைனாதான் எழுந்தார்.

"என் புள்ளய வெச்சு அவருகிட்ட ஜெயிக்காத. ஊசியுந்தான் காப்பாத்தல. அதுக்காக ஊசி பொய்யாய்டுமா? போ, கயித்த வாங்கிகினு போ."

அன்று மாமா பொழுது சாயும் முன்பே கடையை மூடிவிட்டார். அதன் பிறகு அவர்கள் எத்தனையோ ஆண்டுகள் வாதாடினார்கள். ஜெபத்தைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியும் பேசாத வாரமில்லை. ஆனால் என் தம்பியின் பேரை இருவரில் ஒருவர்கூடத் தமக்குச் சாதகமாக எடுத்ததில்லை. அது என் நெஞ்சில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

கரித்தூள் கடைசியில் நைனாவின் மார்பிலேயே தங்கிவிட்டது. இருமல் வந்தது, வேலை போனது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சட்டை, அதற்குள் அவருக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சந்து முனைக்கு நடந்தார். நடக்க முடியாதபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மார்பைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். நைனா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "படம் பொய் சொல்லாது. நீயும் சொல்லாத" என்றார். நான் பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் பகலில், நான் பள்ளியில் இருந்தேன். அம்மா கஞ்சி கொண்டுவர வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாமா மட்டும் கட்டிலருகே இருந்தபோது நைனாவின் உயிர் பிரிந்தது.

உடலைச் சந்துக்குக் கொண்டுவந்தோம். அம்மா தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். "உங்கம்மா விளக்கு வெப்பா. தடுக்காத. அது எனக்கில்ல, அவளுக்கு" என்று நைனா முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். உறவினர் ஒரு பக்கம், தோழர்கள் ஒரு பக்கமாக நின்றிருந்தார்கள். பெரிய மாமா ஞானமுத்து மாமாவின் அருகே போனார்.

"கடைசி நேரத்துல கூட இருந்தவரு நீங்கதான். எங்க மச்சான் சாமி பேர ஒரு தபாவாவது சொன்னாரா? சொன்னாருன்னா சொல்லிடுங்க. என் தங்கச்சி மனசு ஆறும்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஞானமுத்து மாமா "ஆம்" என்று சொன்னால் மறுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அவருடைய நம்பிக்கையும் அதைத்தான் விரும்பியிருக்கும். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"தாயீ, என்ன மன்னிச்சிரு. சொல்லல."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். தோழர்களில் ஒருவர், "அதாம்பா நம்ம ஆளு! கடசி வரைக்கும் அசையல பாத்தியா!" என்று குரல் கொடுத்தார். மாமா அவர் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார்.

"பொறுங்க. நான் இன்னும் முடிக்கல. 'ஐயா, உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா'ன்னு கேட்டேன். 'பண்ணுங்க ஐயா. எனக்கு அதுல நம்பிக்க இல்ல. ஆனா எனக்காக நீங்க பண்றது நல்லாகீது'ன்னாரு. நான் பண்ணினேன். ஆமென் சொல்லல. ஆனா முடியுத வரைக்கும் என் கையப் பிடிச்சிருந்தாரு, விடல. அப்புறம், 'மாமு, தண்ணி குடு'ன்னாரு. கொடுத்தேன். அவ்வளவுதான். ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவேன். ஒண்ண மட்டும் சொன்னா பொய்யாயிரும்."

"ஐயா"வை முடித்துக்கொண்டு "மாமு"வுக்குத் திரும்பிய பிறகே நைனா போயிருக்கிறார் என்பது எங்கள் சந்தில் எல்லோருக்கும் புரிந்தது.

சில மாதங்கள் சென்ற பிறகு அம்மா என்னிடம் சொன்னார்கள்: "அவரு ஆமான்னு சொல்லியிருந்தா அன்னிக்கு நம்பியிருப்பேன். அப்பால என்னிக்காவது ஒரு நாளு சந்தேகம் வந்திருக்கும். இப்ப அது இல்ல. தண்ணி கேட்டாரு, குடுத்தாங்க. அது போதும்."

அதனால்தான் இந்தச் சொல்லைத் தேர்ந்தேன். தமக்கென்று இருந்த காலம் முடிந்து நைனா போய்விட்டார். அதுமட்டும்தான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்து எழுதினால், பதில் சொல்ல முடியாதவரிடம் வாதாடியதாகிவிடும்.

நைனாவின் நோய்க்காலத்தில் ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற சந்து மக்களுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த நர்ஸ் அம்மாவுக்கும், தோள் கொடுத்த மின்சார நிலையத் தோழர்களுக்கும், கருத்து வேறுபட்டும் எல்லாக் காரியங்களையும் முன்நின்று நடத்திய பெரிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஞானமுத்து மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே அவரைப் பற்றி வேறொன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அச்சகத்திலிருந்து முதல் பக்கம் வந்ததும் அதைக் கடைக்கு எடுத்துச் சென்று காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தையும் கீழே இருந்த சொல்லையும் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு மக்கா" என்றார். பிறகு படத்தைப் பார்த்து, "மிச்சத்த நேர்ல வந்து பேசிக்கிடுதேன் ஐயா" என்றார்.

நைனாவிடம் இதற்கு நிச்சயமாக ஒரு பதில் இருந்திருக்கும். நாங்கள் இருவரும் அவர் வழக்கமாக அமரும் எதிர்ப் பக்கத்தைப் பார்த்தோம், அந்தப் பதில் வரும் என்பதுபோல.