நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் நங்கையும்

பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் போட்ட ஓர் அட்டவணை. கடைசி நான்கு வாரங்களில் எந்த நாள் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று நங்கை எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் எனக்கே அப்படி நேர்கோடு போட வராது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். இவள் என்னைவிட மூன்று வயது இளையவள். கீழ்வீட்டில் அவளும் அண்ணனும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலிருந்த அம்மாவும். மாடியில் தனியாக நான், அண்ணனுக்குத் தங்கை. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவதையும் துணி மாற்றுவதையும் நாங்கள் இருவரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். அந்த முறைகளுக்கு நடுவே கிடைத்த விடிகாலைகளில் ஒரு வருடம் ஓடினோம். ஊரில் நடக்கும் மாரத்தானில் இருவரும் முழுத் தூரம் ஓடுவது, கடைசிக் கோட்டைக் கைகோத்துத் தாண்டுவது என்று பேச்சு. போட்டியன்று மட்டும் அம்மாவை அண்ணன் பார்த்துக்கொள்வார். நாற்பத்தைந்து வயதுவரை எனக்கென்று எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டேன்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். பயிற்சியிலேயே அதுதான் பெரிய ஓட்டம். முதல்நாள் சனிக்கிழமை, கிருத்திகை. நெடுந்தூரம் ஓடுபவர்கள் முந்தின நாள் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முருகனுக்கு ஒருசந்தி இருந்து பழகிய உடம்பு. ஒருவேளைச் சாப்பாட்டோடு படுத்துவிட்டேன். மறுநாள் கருமத்தம்பட்டி போகும்வரை கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. திரும்பும் வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பேக்கரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நங்கை உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு வாங்கிவந்தாள்.

"ஒருசந்தி இருந்துபோட்டு ஓடினா இப்படித்தானுங்க அம்மணி ஆகும். வேற ஒண்ணுமில்லீங்க," என்று என் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டாள்.

"அண்ணங்கிட்ட சொல்லிப்போடாதீங்க நங்கையா," என்றேன்.

"நான் எதுக்குங்க சொல்றேன்?" என்று சிரித்தாள். பத்து நிமிடத்தில் எழுந்து மிச்சத் தூரத்தையும் ஓடி முடித்தேன்.

அதன் பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஓட ஆசை பொங்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கடைசி வாரங்களின் கொடுமை. சுத்தமான ஷூவையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றபடி குதிகாலைத் தூக்கி இறக்கினேன், பிள்ளைகள் சிரித்தார்கள். போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில், வியாழக்கிழமை, அண்ணன் மாடிக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"நெஞ்சடைச்சு ரோட்டுல உழுந்தியாமா? ஓட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்றது?"

நெஞ்சு என்ற பேச்சையே நான் எடுத்ததில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். நங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. பட்டினியால் வந்த மயக்கம் என்றேன், டாக்டரிடம் காட்டலாம் என்றேன். கீழே படுக்கையிலிருந்து அம்மா அழ ஆரம்பித்ததும், ஓடவில்லை என்று சொல்லிவிட்டேன். பாசத்தில் பயந்து சொல்லிவிட்டாள் என்று நினைத்து, மன்னிக்கக்கூடத் தயாராக இருந்தேன். என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

ஞாயிறு விடியுமுன் அவள் போனாள். ஏழு மணிக்கு அண்ணனும் கிளம்பினார். வேலை விஷயமாக ஈரோட்டுக்கு; அங்கே புது மெஷின் இறக்குகிறார்களாம்.

"அப்ப அம்மாவ யாருங்கண்ணா பாத்துக்கறதா இருந்துது?"

"அதுதான் ரோசனையா இருந்துது. ரெண்டு பேருல ஒருத்தர் நிக்கோணும்னு புதங்கெழமயே அவகிட்ட சொல்லிப்போட்டேன். அப்பறம் பாத்தா உனக்கே ஒடம்பு செரியில்லீங்கறா." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை அவளுக்கு விஷயம் தெரிந்தது. வியாழக்கிழமை எனக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது கரண்டி பல்லில் இடித்தது.

மத்தியானம் கழுத்தில் மெடலோடு வந்தவள் வாசற்படி ஏற முடியாமல் நின்றாள். எதுக்குங்க பொய் சொன்னீங்க என்று நேராகவே கேட்டேன். அவளும் நேராகவே சொன்னாள்: "உங்களுக்கு அடுத்த வருசமும் இருக்குதுங்க அம்மணி. தங்கச்சி கேட்டா உங்கண்ணன் உடுவாருங்க. எனக்கு இந்த ஒரு தடவைதானுங்க." அது உண்மையாகவே இருக்கலாம். அதனால் எனக்கு வலி குறைந்துவிடவில்லை. என்னிடமே கேட்டிருந்தால் ஒருவேளை விட்டுக்கொடுத்திருப்பேன். கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லையே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

அம்மா ஆடியில் போய்ச் சேர்ந்தாள். இப்போது யாரும் யாருக்காகவும் வீட்டில் நிற்க வேண்டியதில்லை. போன வாரம் நங்கை மாடிக்கு வந்தாள். இந்த வருடமும் பெயர் கொடுக்கச் சொல்லி அண்ணனே சொல்லிவிட்டாராம். "இந்த வாட்டி ரெண்டு பேரும் சேந்து ஓடலாங்களா அம்மணி?" என்றாள். நிஜமான ஆசையோடுதான் கேட்டாள்.

"எனக்கு முட்டி வலிங்க நங்கையா," என்றேன்.

அன்று காலையில்தான் தனியாகப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்திருந்தேன்.