ஞாயிற்றுக்கிழமை கேட்ட எஞ்சின்

பண்டத்தரிப்புக்கு வடக்கே, அந்தக் கரையில் யாரும் என்னை நம்பவில்லை. நான் பௌதிகவியல் விரிவுரையாளன். மீன்கள் எழுப்பும் சத்தத்தைப் பதிவதற்காகக் கடலடியில் ஒரு கருவியை இறக்கி, மேலே சிவப்பு மிதப்பொன்றைக் கட்டியிருந்தேன். நேவிக்கு உளவு பார்க்கிறேன் என்றார்கள் சிலர். கடலட்டை வளர்க்கும் பண்ணைக்கு இடம் பிடிக்கிறேன் என்றார்கள் மற்றவர்கள். நானும் இளைத்தவனல்ல. என்னை வள்ளத்தில் ஏற்றிப்போகும் அண்ணையையே சந்தேகித்தேன். திங்கட்கிழமைகளில் போய்ப் பார்த்தால், மிதப்பில் நான் போட்ட முடிச்சு இராது; வேறொன்று இருக்கும்.

சந்தேகத்தைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று, கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பதிவு. அன்று தேவாலயப் பூசை நாள். யாரும் கடலுக்குப் போகக்கூடாது, போனால் ஒரு மாதம் தொழில் செய்ய முடியாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. எனக்கோ அது இரைச்சல் குறைந்த நாள், அவ்வளவுதான்.

இறால்கள் கடுகு வெடிப்பதுபோல் சடசடத்தன. மீனொன்று உறுமியது, மண்டபத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். இடையில் ஒரு எஞ்சின் சத்தம் நெருங்கிவந்து நின்று, பிறகு திரும்பிப் போனது.

"இதை விடுங்கோ, இது வெறும் இரைச்சல்" என்றேன்.

மண்டபம் விடவில்லை. எந்த எஞ்சின் யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஓடும்போது இடைக்கிடை விக்கும் எஞ்சின் அந்தக் கரையில் ஒன்றே ஒன்றுதான். எல்லாத் தலைகளும் அண்ணையின் பக்கம் திரும்பின.

"ஞாயிற்றுக்கிழமை கடலிலை உனக்கென்ன வேலை?" என்றார் சங்கத் தலைவர். அண்மையில் சில வலைகள் களவுபோயிருந்தன.

அண்ணை எழுந்து வெளியே நடந்தார். கள்ளன் அகப்பட்டான் என்றே நானும் நினைத்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் கேட்டேன்: "முடிச்சை ஏனண்ணை மாத்தினீங்கள்?"

"எல்லாரும் பூசையிலை நிக்கிற நேரம் உங்கடை மிதப்பை வெட்டிவிடப் போறமெண்டு சிலபேர் கதைச்சவை, சேர். எஞ்சின் கேளாமல் பூசைப் பாட்டுச் சத்தத்தோடை போய், இறுக்கிக் கட்டிப்போட்டு வாறனான்."

"இதை உள்ளுக்கை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் ஆர் கதைச்சதெண்டு கேப்பினம். ஆளைக் காட்டிக்குடுக்க எனக்கு ஏலாது."

ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னேன். களவுப் பழி நீங்கியது. "எதுக்குப் போனாலும் போனது போனதுதான்" என்று ஒரு மாதத் தடை மட்டும் நின்றது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

என்னை உளவாளி என்று சொன்னவர்கள் அன்று என்னுடன் சிரித்துக் கதைத்தார்கள். கடலில் நான் இறக்கிய பெட்டி நல்ல பெட்டியாம், பொய் சொல்லாதாம்.

அடுத்த திங்கட்கிழமை வேறொருவருடைய வள்ளத்தில் போனேன். கருவி இருந்த இடத்தில் மிதப்பு இல்லை.