ஆகிய அண்ணன்

ஆகிய அண்ணன் போன மாதம் இறந்துபோனார். அவரைப் பற்றி வேறு யார் எழுதினாலும் நல்ல விதமாகத்தான் எழுதுவார்கள். நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்மேல் எனக்கு நான்கு வருடமாக ஒரு கோபம் இருந்தது. அதில் எவ்வளவு நியாயம் என்று எனக்குத்தான் தெரியும். அதனால் நானே எழுதுகிறேன்.

எங்களுடையது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம். ஆறு ஆஸ்பத்திரிகளின் விரிப்பு, தலையணை உறை, டாக்டர் அங்கி எல்லாம் லாரியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பிரித்து, துவைத்து, உலர்த்தி, நீராவி உருளையில் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புவோம். மொத்தம் முந்நூற்றுப் பத்துப் பேர். உருளைக்குள் துணியை விடுவது என் வேலை. நான் விடும் விரிப்பு மறுபக்கம் அண்ணன் கையில் வந்து விழும், அவர் மடிப்பார். பதினான்கு வருடம் இப்படி எதிரும் புதிருமாக நின்றோம். நீராவி விலகும்போது அவர் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரியும்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் நிர்வாகம் ஒரு விதி போட்டது. “கூடத்துக்குள் கைப்பேசி, தீப்பெட்டி, தின்பண்டம் முதலியவை கொண்டுவரக் கூடாது.” பார்த்தால் சாதுவான விதி. மேற்பார்வையாளர் அந்த ‘முதலியவை’யைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் ஆடிவிட்டார். ஒருத்தியின் மாத்திரை டப்பாவைப் பிடுங்கினார், இன்னொருவரின் குடையைப் பிடுங்கினார், எனக்கு ஒரு சீப்பு போனது. கேட்டால், “முதலியவைல இதுவும் வரும்” என்பார். அண்ணன் அன்றுவரை வாயைத் திறக்காத ஆள். அன்று நேராக மாடிக்குப் போய் மேலாளரிடம் சொன்னாராம்: “சார், ‘முதலிய’ன்னு போட்டா பட்டியல் முடியவே முடியாது. ‘ஆகிய’ன்னு போடுங்க. மூணுன்னா மூணோட நிக்கட்டும்.”

அடுத்த தேர்தலில் அவரையே தொழிலாளர் பிரதிநிதி ஆக்கினோம். போனதும் முதல் வேலையாக இரண்டு விஷயங்களை எழுதி வாங்கினார். எந்தப் புது விதியும் பத்து நாள் வரைவாக அறிவிப்புப் பலகையில் தொங்க வேண்டும், ஒரே ஒரு சொல்லை மாற்றினாலும் சரி. பக்கத்துக்குப் பக்கம் பிரதிநிதியின் கையெழுத்து இல்லாமல் அது நடைமுறைக்கு வரக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவர். ஆனால் வரைவு கையில் வந்துவிட்டால் வாத்தியார் கெட்டார். காதில் செருகிய பென்சிலை எடுத்து, முதலில் ‘முதலிய’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி அடித்து, மேலே ‘ஆகிய’ என்று எழுதுவார். அப்புறம்தான் மற்றதையெல்லாம் படிப்பார். வீட்டில் அண்ணிக்கு ஒரு முறை வாசித்துக் காட்டுவார். பிறகு அந்த விதி யாரை அதிகம் பாதிக்குமோ அவரைத் தேடிப் போய் வாசித்துவிட்டு, “இது உன்னை எங்கேயாவது இடிக்குதா?” என்று கேட்பார். இல்லை என்று சொன்னால்தான் கையெழுத்து. எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். “அண்ணன் கல்யாணப் பத்திரிகையிலயே ‘சுற்றமும் நட்பும் ஆகியோர்’னு திருத்தினவரு” என்று கிண்டல் அடிப்போம். அவரும் சிரிப்பார்.

ஒரு வருடம் இரண்டு வரைவுகள் ஒன்றாக வந்தன. ஒன்று வேலை நேரம் பற்றியது. “அவசரத் தேவை முதலிய காரணங்களுக்காக” எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக நீட்டலாம் என்றது. கூடமே கொதித்துப்போனது. மற்றது துக்க விடுப்பு. மூன்று நாளாக இருந்ததை நிர்வாகமே ஐந்து நாளாக்கியிருந்தது. நல்ல செய்திதானே, அதை யார் பார்த்தார்கள்? “தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளைகள் முதலியோர் இறந்தால்” என்று இருந்தது. அண்ணனின் பென்சில் பழக்கதோஷத்தில் ‘முதலியோர்’ஐ அடித்து ‘ஆகியோர்’ என்று எழுதியது.

சாப்பாட்டு இடைவேளையில் அதை எனக்குத்தான் வாசித்தார். நான் தட்டை வைத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

“இது இடிக்குதாம்மா?”

“இதுல என்னண்ணா இருக்கு? அஞ்சு நாள் குடுக்குறான், வாங்கிப் போடுங்க. அந்தப் பன்னெண்டு மணி நேரத்தை விடாதீங்க.”

எனக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ஒன்பது வயது மூத்த அக்காதான் தையல் வேலைக்குப் போய் என்னை வளர்த்தாள். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அப்படிப்பட்டவள் அந்தப் பட்டியலில் இல்லை என்பது என் காதில் உறைக்கவே இல்லை. பட்டியலை முழுசாகக் கேட்டவள் நான்.

அண்ணன் வேலை நேர வரைவைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். விடுப்பு விதியில் போட்டார். ஐந்து மாதம் கழித்து அக்கா செத்துப்போனாள்.

மூளையில் இரத்தக் கசிவு. காலையில் விழுந்தவள் மத்தியானம் இல்லை. மாமா போன் பண்ணினார். அவர்கள் ஊருக்குப் போகவே ஒரு பகல் முழுக்க ஆகும். பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ தொற்று பரவி, இரண்டு மடங்கு துணி வந்துகொண்டிருந்த வாரம் அது. மற்ற விடுப்பெல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள். சொல்லாமல் போனால் வேலை போகும். வீட்டுக்காரர் விட்டுப் போனதிலிருந்து என் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். துக்க விடுப்பை மட்டும் யாராலும் நிறுத்த முடியாது என்ற தைரியத்தில் அழுதுகொண்டே மாடி ஏறினேன்.

விடுப்பு அதிகாரி சின்னப் பெண். விதியை எடுத்துப் படித்தாள், மறுபடியும் படித்தாள். அவள் கண்ணும் கலங்கியது.

“அக்கான்னு இதுல இல்லையேம்மா. ‘ஆகியோர்’னு முடிஞ்சிருது.”

அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். மேலாளர் அறைக்குள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“சார், தப்பு என்னோடது. இப்பவே எழுதுவோம். ‘உடன்பிறந்தோர்’னு ஒரு வார்த்தை. நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

மேலாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் பேசினார். “நீங்க ‘முதலியோர்’னு விட்டிருந்தா நானே அனுப்பியிருப்பேன். நீங்கதான் அடிச்சீங்க. பத்து நாள் தொங்காம ஒரு வார்த்தையும் மாறக்கூடாதுன்னு எழுதி வாங்கினதும் நீங்கதான். சரி, இன்னிக்கு மாத்திருவோம். ஆனா இன்னிக்கு ஒரு நாள்ல ஒண்ணு மாறலாம்னா, நாளைக்கு வேலை நேரமும் ஒரே நாள்ல மாறலாம்னு மேலிடத்துல கேப்பாங்க. அப்ப நான் என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார், ஜன்னலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த கூடத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் யோசிக்கிறாரே என்றுதான் எனக்கு முதலில் கோபம் வந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“முடியலம்மா. மன்னிச்சுக்கோ.”

முந்நூற்றுப் பத்துப் பேருக்கு அவர் செய்தது சரி. எனக்கு அன்றைக்கு அந்த முந்நூற்றுப் பத்தும் வேண்டியிருக்கவில்லை. அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மாமா மறுபடி போன் பண்ணினார். “நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கவா? எப்ப வருவே, சொல்லு.”

“வெச்சிருக்க வேணாம் மாமா. எடுத்துருங்க.”

சொல்லிவிட்டு விரிப்பை எடுத்து உருளைக்குள் விட்டேன். மறுபக்கத்தில் அவர் மடித்துக்கொண்டிருந்தார். நீராவி விலகும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஊருக்குப் போனபோது எட்டாவது நாள். எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். அக்காவின் தையல் மெஷினில் பாதி தைத்த ஒரு சட்டை அப்படியே இருந்தது. மாமா எனக்கு அதைக் காட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

திரும்பி வந்த அன்று அண்ணன் புது வரைவோடு என்னிடம் வந்தார். “தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளைகள்” என்று தொடங்கினார். அடுத்து வரவிருந்த ‘உடன்பிறந்தோர்’ஐ நான் அவரைப் படிக்க விடவில்லை.

“போதும்ணா. இனிமே எனக்கு யாரும் இல்ல. இருக்கிறவங்களுக்குப் போய்ப் படிச்சுக் காட்டுங்க.”

அதுதான் நான் அவரிடம் மனம்விட்டுப் பேசிய கடைசிப் பேச்சு. விதி மாறியது. அடுத்த வருடமே தேய்ப்புப் பிரிவில் ஒரு பெண் தம்பிக்காக ஐந்து நாள் போய் வந்தாள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்தப் புண்ணியவான் அந்த வார்த்தையைச் சேத்தானோ, தம்பி முகத்தைப் பாத்தேன்க்கா” என்றாள். அண்ணனைக் காட்டினேன். அவள் போய் அவரைக் கும்பிட்டாள். அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் வேலை இருக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் கை கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன், கடனே என்று. இவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். “அன்னிக்கு நீயும்தானே கேட்டே, நீயும்தானே சரின்னு சொன்னே?” வேறு எந்த மனிதனாக இருந்தாலும் முதல் நாளே கேட்டிருப்பான். அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் நான் கோபத்தைக் கீழே வைக்கவே இல்லை. இதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள அவர் சாக வேண்டியிருந்தது.

போன வாரம் அண்ணியைப் பார்க்கப் போனேன். உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டேன். “அண்ணி, அன்னிக்கு அந்த விதியை எனக்குத்தான் படிச்சாரு. நானும்தான் கோட்டை விட்டேன். பழியை மட்டும் அவர் தலையில போட்டுட்டேன்.”

“தெரியும்மா,” என்றார் அண்ணி. “அன்னிக்கே சொன்னாரு. ‘அவளும்தான கேட்டா, நீங்க அதைச் சொல்ல வேண்டியதுதான’ன்னு நான்கூடச் சண்டை போட்டேன். ‘அக்காவைப் பறிகொடுத்தவகிட்டப் போய் நியாயம் பேசுறதா? கோபமாவது அவகிட்ட இருக்கட்டும்’னுட்டாரு.”

நான் அழுது முடித்த பிறகு என் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமையானா, நீ வருவேன்னு வாசலைப் பாத்துட்டே உக்காந்திருப்பாரு. நீ ஏம்மா ஒரு தடவைகூட வரல?”

அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது.