கஞ்சி நேரத்து நற்செய்தி

எங்கள் ஊரில் களை எடுப்புக்கு மாத்து வேலைதான். உன் காட்டுக்கு நான் ஒரு நாள் வந்தால், என் காட்டுக்கு நீ ஒரு நாள் வர வேண்டும். மானாவாரிப் புஞ்சையைத்தான் காடு என்போம். கரிசல் மண் ஈரத்தில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும். நடுவில் கிடைக்கிற நான்கைந்து நாளுக்குள் உளுந்தில் களையை எடுத்தாக வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. எங்கள் தெருவில் எட்டுப் பெண்கள் சேர்ந்து போவோம். முன்னால் நிற்பது என் அத்தை, அப்பாவின் அக்கா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் கைநாட்டுதான். நான் கோவில்பட்டியில் பட்டப்படிப்பு முடித்து இப்போது பி.எட். படிக்கிறேன். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். அதை மறைக்கப் போவதில்லை. விடுதியில் கூடப் படித்தவள் மூலம் இயேசுவை அறிந்தேன். இரண்டு வருடம் யோசித்து ஞானஸ்நானம் எடுத்தேன். அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "படிச்ச புள்ள, யோசிக்காமலா செஞ்சிருக்கும்" என்று விட்டுவிட்டார்.

போன தீபாவளியை ஒட்டிக் கிடைத்த இரண்டு வார விடுமுறையில் அம்மாவுக்குப் பதில் நான் களைக்கொத்தியோடு போனேன். ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்து உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தேன். எனக்குக் கிடைத்த சமாதானத்தை இவர்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

"ஏட்டி, ஒன் சாமி ஒனக்கு, எங்க சாமி எங்களுக்கு. களையப் பாரு" என்றாள் அத்தை.

"விடுங்க மைனி, டீச்சரம்மா பாடம் நடத்துதாவ. கேக்கலைன்னா பெஞ்சு மேல ஏத்திருவாவ" என்றாள் பக்கத்து நிரைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

மூன்றாம் நாள் அத்தை களைக்கொத்தியைத் தரையில் போட்டுவிட்டு எழுந்தாள். என்னை முறைத்துவிட்டு மறுபடி நிரையில் குனிந்தாள். சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். "இந்தா பாரு, நாளைக்கு ஒங்க காட்டு முறை. ஒம் மவ வாய மூடிக்கிட்டு இருப்பான்னா வாரோம். இல்லைன்னா நீங்களே எடுத்துக்கிடுங்க."

அத்தை போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "நாலு நாளைக்குச் சும்மா இரேன்டி. ஒன் சாமி கோவிச்சுக்கிடுமா?"

"கோவிச்சுக்காதும்மா. ஆனா பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது."

மறுநாள் நாங்கள் மூன்று பேர்தான் காட்டில் இறங்கினோம். நடு நிரையில் நான், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அப்பா. அம்மா காலையிலிருந்து திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போக முடியவில்லை. நிரையை விட்டு எழுந்தால் அந்தக் களை அடுத்தவர் தலையில் விழும். ஆகவே குனிந்தபடி முழுவதையும் கேட்டேன்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. இதைத்தானே நான் அந்த ஏழு பேருக்கும் செய்தேன்? எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்து உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். நான் சொன்னதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. சொல்வதற்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் தப்பு. இயேசு யாரையும் அப்படிப் பிடித்து வைத்துப் பேசியதாக நான் படித்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் மழை இறங்கிவிட்டது. காட்டில் பாதி அப்படியே நின்றது. களை உளுந்துக்கு மேலே வளர்ந்தது. அம்மா அதன் பிறகு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மண்ணில் ஈரம் சற்று வடிந்ததும் அத்தை காட்டில் வேலை தொடங்கியது. நான் விடிந்ததும் போய் நின்றேன்.

"களை எடுக்க வந்தியா, பிரசங்கம் பண்ண வந்தியா?"

"ரெண்டுக்குந்தான் அத்தை. நிரையில வாயத் திறக்க மாட்டேன். கஞ்சி நேரத்துல அந்த உடைமுள்ளு மரத்துக்கு அடியில பேசுவேன். கேக்க இஷ்டம் இல்லாதவிய வேப்பமரத்துக்குப் போயிருங்க."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கொழுப்பப் பாரு இவளுக்கு" என்றாள். ஆனால் போகச் சொல்லவில்லை.

மத்தியானம் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சி நேரத்தில் அத்தை தூக்குவாளியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வேப்பமரத்துக்குப் போனாள். பின்னாலேயே ஐந்து பேர் போனார்கள். என்னைக் கேலி செய்த பக்கத்து நிரைக்காரி மட்டும், "எனக்கு அம்புட்டுத் தூரம் நடக்க முடியாது, கால் வலிக்கி" என்று என்னோடு உட்கார்ந்தாள். பல வருடம் நோயோடு கிடந்து, தொட்டாலே குணமாகும் என்று நம்பிக் கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் துணியைத் தொட்ட பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"அவ பேரு என்ன?"

"பைபிள்ல பேரு எழுதல அக்கா."

"பொம்பள பேர எவன் எழுதுனான்" என்றாள். கஞ்சியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சரி, தொட்டாளே. பெறகு?" என்று கேட்டாள்.

அத்தை காட்டு வேலை முடிந்த அன்று, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே என் பக்கம் வந்தாள். "நாளைக்கு ஒங்க காட்டுல மிச்சத்த எடுத்துருவோம். ஒங்கம்மாட்ட சொல்லு. நான் கஞ்சி குடிக்கையில மட்டும் ஒன் சத்தம் எங்காதுல விழக்கூடாது."

"விழாது அத்தை."

எங்கள் காட்டில் ஒரே ஒரு மரம்தான். மறுநாள் மத்தியானம் அத்தை களைக்கொத்தியோடு மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் வேலை நின்றுவிடுமோ என்று அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தூரத்து வரப்புக்கு, வெயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். நிழல் அத்தைக்கு.

கதை கேட்க வெயிலுக்கு வந்தவர்கள் மூன்று பேர். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் தொடங்கினேன்.

நிழலிலிருந்து அத்தை சத்தம் போட்டாள். "ஏட்டி, சுருக்கா முடி. வெயில்ல ஒருத்தி மயங்கி விழுந்தா அவ நிரைய நீதான் எடுக்கணும்."

"எடுக்கேன் அத்தை" என்று திருப்பிக் கத்திவிட்டு, கதையை நிதானமாகச் சொன்னேன்.