குடியை விட்டவர் வைத்த பார்

டேரல் பாஸ்கோ குடியை விட்டு வருஷக்கணக்காகிறது. குடித்த காலத்தில்கூட அவர் வீட்டில் பார் என்று ஒன்று இருந்ததில்லை. ஷெட்டில் பியருக்கென்று ஒரு பழைய ஃபிரிட்ஜ், உரமூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரம், அவ்வளவுதான். மரே ஆற்றங்கரையில் ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற மனிதருக்கு பார் எதற்கு? அந்தப் பக்கத்தில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் அவரவர் குடிப்பதை அவரவர் ஐஸ் பெட்டியில் தூக்கிக்கொண்டு போவார்கள். வெறுங்கையோடு போனவனை அடுத்த கிறிஸ்துமஸ் வரை வைத்துக் கிழிப்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு மகள் கிர்ஸ்டியிடமிருந்து போன் வந்தது. அப்பாவின் குடியைப் பொறுக்க முடியாமல், பள்ளிக்கூடம் முடித்த கையோடு அடிலெய்டுக்குப் போனவள் அவள். அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ஹாமிஷையும் அவன் அப்பா அம்மாவையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருகிறாளாம்.

"அவங்க குடிக்க எதுவும் கொண்டு வர மாட்டாங்கப்பா. நான் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க."

டேரல் அந்த நிமிடத்திலிருந்து கவலைப்பட ஆரம்பித்தார். எதுவும் கொண்டு வராத விருந்தாளியை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு ஷர்லியிடம் போய் நின்றார். ஊர் கிளப்பில் காலமெல்லாம் ஊற்றிக் கொடுத்து ஓய்வு பெற்ற பெண்மணி.

"சிட்டிக்காரங்க அப்படித்தான். வீட்டுக்காரன்தான் பார் வச்சு உபசரிக்கணும்," என்றாள் ஷர்லி.

"பாட்டிலைப் பாத்தா கிர்ஸ்டி என்ன நினைப்பா?"

"பாட்டில் இல்லைன்னா சம்பந்தி என்ன நினைப்பாங்க? கஞ்சப்பயன்னு நினைப்பாங்க."

இரண்டும் சரியாகத்தான் பட்டது அவருக்கு. அதுதான் வம்பு. வைத்தால் மகள் போய்விடுவாள், வைக்காவிட்டால் மகளின் மானம் போய்விடும். மகளிடமே கேட்டிருக்கலாம். குடி என்கிற சொல்லை அவளிடம் எடுக்கவே அவருக்கு நாக்கு எழவில்லை. இப்படியும் அப்படியும் உருண்டு, கடைசியில் ஷர்லி சொன்னதற்குத் தலையாட்டினார்.

மதுக்கடைக்குள் அவர் கால் வைக்கக் கூடாது என்பதால் ஷர்லியே போய் வாங்கி வந்து கூடத்து அலமாரியில் அடுக்கினாள். ஒரு ஜின், ஒரு விஸ்கி, சிவப்பிலும் வெள்ளையிலும் ஒயின், ஜின்னில் கலக்க டானிக் தண்ணீர். கடைசியாக ஒரு பச்சை பாட்டில்.

"இது என்ன?"

"வெர்மூத். மூலிகை போட்ட ஒயின்."

"இதை யாரு குடிப்பா?"

"யாரும் குடிக்க மாட்டாங்க. ஆனா இது இல்லைன்னா அதை பார்னு சொல்ல முடியாது."

போகும்போது தன் வீட்டுக் கண்ணாடிக் குடுவை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள். விஸ்கியை அதில் ஊற்றி வைத்தால் லட்சணமாக இருக்குமாம்.

ஞாயிறு காலை ஊற்றினார். குடுவை வாய் வரை நிரம்பிவிட்டது, பாட்டிலில் இன்னும் கால்வாசி மிச்சம். வாடை மூக்கில் ஏறியதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. முக்கால் காலியான பாட்டிலை அலமாரியில் வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஷர்லியைக் கேட்கலாமென்றால் அவள் சர்ச்சுக்குப் போயிருந்தாள். மிச்சத்தைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டார்.

வந்தார்கள். சம்பந்தி மால்கம் வெறுங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். பாவம், அவருக்கும் பழக்கமில்லை போலிருக்கிறது. டேரல் அலமாரியை அகலத் திறந்தார்.

"என்ன குடிக்கிறீங்க? எல்லாம் இருக்கு. வெர்மூத்கூட இருக்கு."

மால்கம் மனைவியைப் பார்த்தார், அவர் மனைவி கிர்ஸ்டியைப் பார்த்தாள். ஹாமிஷ்தான் மெல்லச் சொன்னான். "உங்களுக்காக இன்னிக்கு யாருமே குடிக்கிறதில்லைன்னு பேசிட்டுத்தான் வந்தோம். அதான் எதுவும் கொண்டு வரல."

டேரல் அலமாரியை அவசரமாகச் சாத்தினார். கிர்ஸ்டி, கொண்டு வந்த பூங்கொத்தின் காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடச் சமையலறைக்குள் போனாள்.

"அப்பா, கொஞ்சம் இங்க வாங்க."

காலி பாட்டில் அவள் கையில் இருந்தது.

"அந்தக் குடுவையில இது முழுசும் கொள்ளாது. மிச்சம் எங்க?"

"தொட்டியில ஊத்திட்டேன்மா."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே உறைத்தது. இதே சமையலறையில் நின்று இதைவிட நம்பும்படியான பொய்களை எத்தனையோ சொல்லியிருக்கிறார். ஷர்லியைக் கூப்பிடலாம் என்றால், ஊற்றியபோது அவளும் பக்கத்தில் இல்லை. மகள் இப்போது காரில் ஏறிவிட்டால் இனி வரவே மாட்டாள், அது அவருக்குத் தெரியும்.

கிர்ஸ்டி தொட்டியின் மேல் குனிந்தாள். தண்ணீர் போகும் ஓட்டையருகே முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"சின்னப் பிள்ளையில உங்க ரம்மை நான் இதுலதான் ஊத்துவேன். எவ்வளவு தண்ணி விட்டாலும் வாடை போகாது. நீங்க இப்படிக் குனிஞ்சு மோந்து பாத்துத்தான் என்னைக் கண்டுபிடிப்பீங்க."

டேரல் தலை குனிந்தார். கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கும் என்பது இருவருக்கும் நினைவிருந்தது.

"அந்த பாரை என்ன பண்றதும்மா? எனக்கு ஒண்ணும் புரியல."

கிர்ஸ்டி கூடத்துக்குப் போய்க் குடுவையைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"தொட்டியில ஊத்துங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."