மூன்றாவது நட்சத்திரம்

இன்றைக்கும் எந்த ஓட்டல் அறைக்குள் நுழைந்தாலும், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அலமாரியைத் திறந்து ஹேங்கர்களை எண்ணுவேன். அப்புறம் வெந்நீர்க் குழாய். அப்புறம் கட்டிலில் படுத்து, விளக்கு சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பேன். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒன்பது வயதில் பிடித்த பைத்தியம், விடுவதாக இல்லை.

பிடிக்க வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. டெல்லி கரோல்பாகில் ஒரு ஓட்டலின் ரிசப்ஷனில் இருந்தார். சாப்பாட்டு ஓட்டல் இல்லை, தங்குகிற ஓட்டல். இரண்டு நட்சத்திரம். மூன்றாவதுக்கு முதலாளி மனுப் போட்டிருந்தார். கிடைத்தால் மாமாதான் மேனேஜர் என்றார். கிடைக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.கே.புரத்திலிருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட வரும் மாமா, நட்சத்திரம் கொடுக்க வரும் குழு என்னவெல்லாம் பார்க்கும் என்ற பட்டியலைச் சோற்றைப் பிசைந்தபடியே முணுமுணுப்பார்.

எனக்கோ அது மகா கண்டுபிடிப்பு. ஓட்டலுக்கும் பரீட்சை உண்டு! ஆட்கள் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து மார்க் போடுவார்கள்! அறையின் அளவு, கட்டிலின் அகலம், ஏசி, போன், லிஃப்ட், சமையலறையில் பாத்திரம் கழுவும் இடம், வேலையாட்களின் மருத்துவச் சான்றிதழ். இரண்டே வாரத்தில் முழுப் பட்டியலும் எனக்கு மனப்பாடம். வாய்ப்பாடு இந்த வேகத்தில் வரவில்லையே என்பது அப்பாவின் வருத்தம்.

சிக்கல் இருநூற்று நாலாம் அறையில் இருந்தது. ராமநாதபுரத்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் அங்கே ஒன்றரை மாதமாகத் தங்கியிருந்தார்கள். மனைவிக்கு இதயத்தில் ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரியில் தேதிக்குக் காத்திருந்தார்கள். வைத்தியத்துக்கு டெல்லி வருகிற நம் ஊர்க்காரர்கள் பலரும் மாமாவைத்தான் தேடி வருவார்கள். தமிழ் பேசுவார், வாடகையில் குறைப்பார், அறைக்குள்ளேயே மின்சார அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டால் கண்டுகொள்ள மாட்டார். ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டி ஈரத்துணி போட்டாலும் அப்படியே. ஆனால் பட்டியலில் அடுப்புக்கும் கொடிக்கும் இடமில்லை. அறையைக் காலியாகவும் வைக்க முடியாது. குடும்பங்கள் விரும்பித் தங்கும் ஓட்டல் என்று முதலாளி மனுவில் எழுதிவிட்டார். குடும்பத்தைக் காட்டியாக வேண்டும்.

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். குழு வரும் நாளில் அவர்கள் எங்கள் வீட்டில் இருப்பார்கள், நாங்கள் அவர்கள் அறையில். அப்பா, லீவு கிடைக்கவில்லை என்று தப்பித்துக்கொண்டார்.

“கும்பகோணத்துலேருந்து டூர் வந்திருக்கோம். அவ்வளவுதான் சொல்லணும். ஹிந்தின்னு மூச்சு விடக் கூடாது, புரிஞ்சுதா?” என்றார் மாமா.

“டீக் ஹை மாமா” என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று காலை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். லிஃப்டில் நாலு தடவை ஏறி இறங்கினேன். அறையிலிருந்து ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, “வந்துட்டாங்களா?” என்று கேட்டேன். ஐந்தாவது தடவை மாமா, “போனை வைடீ குரங்கே” என்றார்.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் ஏசியையும் கட்டிலையும் பார்த்துக்கொண்டிருக்க, பருத்திப் புடவை கட்டிய மூன்றாவது அம்மா நேராக என்னிடம் வந்து, தமிழில் ஆரம்பித்தார்.

“எந்த ஊர் கண்ணு?”

“கும்பகோணம்.”

“அட, எனக்கும் அங்கதான் பக்கத்துல. எந்தத் தெரு?”

மாமா இதற்கு ஒத்திகை தரவில்லை. நான் பிறந்ததிலிருந்து தெருவில் குடியிருந்ததே இல்லை. ஆர்.கே.புரத்தில் எல்லாம் செக்டர் கணக்குத்தான்.

“செக்டர் ஃபோர்” என்றேன்.

என் அம்மா சட்டென்று திரும்பி ஜன்னல் திரையின் வேலைப்பாட்டை ரசிக்க ஆரம்பித்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் மாமாவுக்கு வேர்த்தது.

“அச்சா” என்றார் அந்த அம்மா. “கும்பகோணத்துல செக்டரெல்லாம் வந்தாச்சா?”

மாமாவின் வேலை என் வாயால் போகப் போகிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “ஆன்ட்டி, ஹேங்கர் எண்ணிக்கோங்க ஆன்ட்டி. கரெக்டா இருக்கு. கரம் பானி ஜல்தி வரும். காலையிலேருந்து நாலு தடவை செக் பண்ணிட்டேன்.”

அவர் என்னோடு குளியலறைக்கு வந்தார். குழாயைத் திறந்து, தண்ணீரில் விரல்களை நீட்டிக் காத்திருந்தார். சுட்டது. காகிதத்தில் ஏதோ எழுதினார். வெளியே போகும்போது வாசலில் நின்று மாமாவிடம் கேட்டார். “இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“அக்கா, மேடம்.”

“அக்காவுக்கு வெந்நீர் வருது. வர்றவங்க எல்லாருக்கும் வரணும்.”

அவ்வளவுதான். மதியம் முதலாளியே படியேறி வந்து, “ஹோ கயா!” என்று மாமாவின் முதுகில் ஓங்கித் தட்டினார். கடிதம் வர நாளாகும், ஆனால் குழுவுக்குத் திருப்தி என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நான் கட்டிலின் மேல் ஏறிக் குதித்தேன்.

சாயங்காலம் மூவரும் ஆட்டோவில் வீடு திரும்பினோம். ராமநாதபுரத்துக்காரர் எங்கள் துணிகளை மடித்து வைத்து, வீட்டைப் பெருக்கி, ரசமும் வைத்திருந்தார். உள்ளே அவர் மனைவி தூங்கிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, ஆச்சா?” என்று வாசலுக்கே ஓடி வந்தார். “நீங்க நல்லா வரணும்னு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயி அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன்.” பொட்டலத்தைப் பிரித்து மாமாவின் நெற்றியில் விபூதி பூசினார். “மேனேஜர் தம்பி!”

மாமா குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கினார். வெகுநேரம் அவிழ்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “கிடைச்சாச்சு அங்கிள்! இனிமே எல்லா ரூம்லயும் ஏசி! வாடகையும் ஏறிடும்! ரூம்ல யாரும் சமைக்கவே கூடாது, கொடி கட்டக் கூடாது, போர்டே மாட்டப் போறாங்க!”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. “அப்படியா கண்ணு” என்றார். பிறகு மாமாவிடம் மெதுவாக, “எப்பலேருந்து தம்பி?” என்று கேட்டார்.

“லெட்டர் வரட்டும்ணே. பாத்துக்கலாம்.”

“ஆமாமா. பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, ரசத்தைச் சுட வைக்க உள்ளே போனார்.

எனக்குக் கோபமாக வந்தது. இவ்வளவு பெரிய சேதி, ஒருவர் கூடக் கை தட்டவில்லை. அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று பின்னாலேயே சமையலறைக்கு ஓடி, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன், இந்தத் தடவை இன்னும் சத்தமாக.