இடுப்பில் இரண்டரை அங்குலம்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் 'நிதானம்'தான். ஒரு முட்டையை உரிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வான். ஆனால் உரித்த முட்டையில் ஒரு கீறல் இருக்காது.

"என் தம்பி மெதுவாத்தான் செய்வான். ஆனா தப்பா செய்ய மாட்டான்" என்று அவன் அக்கா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வாள். முதல் பாதியைக் கேட்டவர்கள் இரண்டாம் பாதிக்குக் காத்திராமல் அவனை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். பார்சல் அலுவலகத்தில் எட்டு நாள். பழக்கடையில் ஐந்து நாள். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலை ஒரே நாள். கடைசி டிக்கெட்டைக் கோட்டின்மேல் நேராகக் கிழித்து முடித்தபோது உள்ளே இடைவேளை விட்டிருந்தார்கள்.

முப்பத்திரண்டு வயதில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருக் காபிக்கடையில் சேர்ந்தான். இரண்டே வாரத்தில் முதலாளியம்மா சொல்லிவிட்டாள்: "சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன், நிதானம். அன்னைக்கும் வரிசை வாசலைத் தாண்டி நின்னா, மன்னிச்சுக்கப்பா."

அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவள் தையல்காரி. தனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்தாள்: புது பேண்ட் ஒன்றுக்கு இரண்டாகத் தைத்துக் கொடுப்பது. யாராக இருந்தாலும் மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் நோட்டில் எழுதுவாள். அவள் தைக்கும் பேண்டில் பெல்ட் மாட்டும் பட்டையே கிடையாது. "ஒழுங்கா தைச்ச பேண்டுக்கு பெல்ட் எதுக்கு?" என்பாள்.

"டேய், குளிருக்குப் போட்ட அந்தக் கம்பளிச் சட்டையைக் கழட்டிட்டு நில்லு."

"இதோக்கா" என்று அவன் முதல் பொத்தானில் கை வைத்தான். அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். சாக்கட்டியைக் கூராக்கினாள். ஊசிகளை எண்ணினாள். அவன் இரண்டாவது பொத்தானுக்கு வந்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பொறுமையிழந்து, கம்பளிச் சட்டையின் மேலேயே டேப்பைச் சுற்றிவிட்டாள். அதையும் மூன்று தடவை சுற்றினாள். மூன்றும் ஒத்துப்போயின.

சனிக்கிழமை காலை, அதே கம்பளிச் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு அவன் கிளம்பியபோது பேண்ட் அளவெடுத்தாற்போல் நின்றது. கடையின் சூட்டில் அதைக் கழற்றிவிட்டுப் பனியனோடு நின்றான். பேண்ட் விடைபெற்றுக்கொள்ளப் பார்த்தது. அவசரமாக இடது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அவசரமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அதே நேரத்தில் காபி மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. தட்டினார்கள், திட்டினார்கள், அசையவில்லை. வாசலைத் தாண்டி வரிசை. முதலாளியம்மா மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். எப்போதோ ஒரு விற்பனையாளர் தலையில் கட்டிவிட்டுப் போனது: பீங்கான் கூம்பு, வடிதாள், கொக்குக் கழுத்துக் கெட்டில்.

"கையாலயே ஊத்து. எப்படியாவது ஊத்து!"

நிதானம் கூம்பில் தாளை வைத்து, தூளைப் போட்டு, வலது கையால் கெட்டிலைத் தூக்கினான். கொஞ்சம் வெந்நீர். தூள் நனைந்து உப்பியது. அது அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு நடுவிலிருந்து நூல் போல, வட்டம் வட்டமாக ஊற்றினான். தலை குனிந்திருந்தது, பேண்டின் மேல் ஒரு கண் வேண்டுமே. வாய் பேசவில்லை, மூச்சை விட்டால் பேண்ட் நழுவும். இடது கை முதுகுக்குப் பின்னால் அசையாமல் நின்றது.

ஒரு கோப்பைக்கு நான்கு நிமிஷம். யாரும் கத்தவில்லை. பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் வரிசையில் முதல் ஆள். வாயைப் பிளந்து பார்த்தார். பின்னால் ஒருவர் தும்ம, "உஷ்!" என்று திரும்பி முறைத்தார். முதல் வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"யப்பா! நின்ன நேரத்துக்கும் சேர்த்து ருசிக்குதே!"

முதலாளியம்மா காபி மெஷினைப் பழுது பார்க்கவே இல்லை. மூன்று மாதத்தில் அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஏழு கடைகளில் கூம்பும் கெட்டிலும் ஏறின. ஏழு கடைகளிலும் ஊற்றுகிறவர்கள் தலையைக் குனிந்து, வாயை மூடி, இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். ஒரு கடையில் இடக்கைப் பழக்கமுள்ளவர் வலது கையால் ஊற்றி மேஜையெல்லாம் குளமாக்கினாராம்.

தம்பியின் புகழைக் கண்ணால் பார்க்க அக்கா ஒரு மதியம் கடைக்கு வந்தாள். கூட்டத்தை விலக்கிப் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்தது ஒரு கலைஞனை. அவள் பார்த்தது ஒரு இடுப்பை.

வெளியே இழுத்துவந்து கேட்டாள்: "இத்தனை நாளா இதையா பிடிச்சுட்டு நின்ன? ஏன்டா சொல்லல?"

"சொல்லணும்னுதான்க்கா இருந்தேன். இன்னும் அந்த இடத்துக்கு வரல."

அன்று மாலையே இரண்டு பேண்டையும் பிரித்து, கம்பளிச் சட்டையில்லாமல் அளந்து, இரண்டரை அங்குலம் உள்வாங்கித் தைத்தாள். தம்பிக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் இடது கைக்கு வேலை இல்லை. அது மூக்கைச் சொறிந்தது. ஸ்பூனைத் தட்டிவிட்டது. கெட்டிலுக்கு உதவிக்குப் போய் வெந்நீரைக் கொட்டியது. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வாய் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "கை கட்டாம ஊத்தினா இப்படித்தான். ருசி ஓடிப்போச்சு."

மூன்றாம் நாள் முதலாளியம்மா தையற்கடைக்கே வந்துவிட்டாள்.

"என்னம்மா பண்ணினீங்க அவனை? பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. இப்படியே போனா நான் மறுபடி மெஷின் வாங்க வேண்டியதுதான். அப்புறம் அவன் எனக்கு எதுக்கு?"

"பேண்டைச் சரி பண்ணினேங்க."

"அதைக் கெடுத்துக் கொடுங்க!"

அக்காவுக்குக் கண் கலங்கியது. என் கையால் ஒரு தளர்ந்த பேண்டா? தெருவே பார்க்க, தம்பியின் இடுப்பிலா? ஒரு பக்கம் தொழில், ஒரு பக்கம் தம்பி. கத்தரியை எடுத்தாள், வைத்தாள். மறுபடியும் எடுத்தாள்.

"கெடுக்கறதுன்னாலும் கணக்கா கெடுக்கணும்" என்றாள். தையலைப் பிரித்து இரண்டரை அங்குலம் விட்டாள், மூன்று தடவை அளந்து.

மறுநாள் இடது கை தன் இடத்துக்குத் திரும்பியது. கூட்டமும் திரும்பியது.

அடுத்த வாரம் எதிர்க்கடையில் காபி ஊற்றுகிறவர் தையற்கடை வாசலில் தயங்கி நின்றார். இடது கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

"அக்கா, நானும் அதே மாதிரிதான் ஊத்தறேன். ருசி வர மாட்டேங்குது. நீங்க தம்பிக்குத் தைக்கற பேண்ட்தான் காரணம்னு பேசிக்கறாங்க. எனக்கும் அப்படி ஒண்ணு..."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பீரமாக டேப்பை உருவினாள்.

"கம்பளிச் சட்டை இருக்கா? போட்டுக்கிட்டு வாங்க."